கப்பலில் ரயில் தேடிய மகள்

என் மகள் யாழினிக்கு ஐந்து வயது. அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் வளர்ந்தவள், ரயிலைக் கண்டதே இல்லை. அதனால் இந்த விடுமுறைக்குக் கப்பலில் சென்னை, ரயிலில் மேட்டுப்பாளையம், பிறகு ஊட்டி மலை ரயில் என்று நானும் கணவரும் இரண்டு மாதமாக உற்சாகமாகத் திட்டமிட்டோம். “கப்பல் ஏறினா ரயில் வந்துடும்” என்று அவளிடம் அடிக்கடி சொன்னேன்.

போர்ட் பிளேரில் கப்பல் ஏறிய மறுநாள் காலை, கணவர் தூங்க, நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் அவளைக் காணவில்லை. கணவரை எழுப்பி மேல்தளத்துக்கு அனுப்பினேன். சுற்றிலும் கடல். நான் கீழே ஓடினேன்.

கீழ்த்தளப் படிக்கட்டில், ஒரு கப்பல் ஊழியரின் விரலைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

“பாப்பா ரயில் எங்கன்னு கேக்குது மேடம். மெயின்லேண்ட் கரை வராம ரயிலுக்கு நான் எங்க போவேன்?” என்று சிரித்தார் அவர்.

“நீதானம்மா வந்துடும்னு சொன்னே” என்றாள் யாழினி. அவளைக் கட்டிக்கொண்டு நான்தான் அழுதேன்.

சென்னையில் ரயிலைக் கண்டதும் அவள் குதித்த குதியில் என் பயமெல்லாம் பறந்துவிட்டது.

இப்போது பயணங்களில் எங்களில் ஒருவர் எப்போதும் அவளுடனே இருக்கிறார். எத்தனை ராத்திரி, எங்கே தூங்குவோம் என்பதையும் முன்பே சொல்லி அவளை வரைய வைத்துவிடுகிறோம். அடுத்து நிக்கோபாரில் உள்ள கேம்பல் பே போகிறோம். கப்பலில் தூங்கும் ராத்திரிகளை இன்றே வரைந்து சுவரில் ஒட்டிவிட்டாள்.