சிங்கம் பார்க்க ஐப்பசியில் போனது

போன கிழமை, கனடாவில் பிரெஞ்சு பேசும் பக்கத்திலுள்ள எங்கள் ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்தடியில், வலது பக்கம் ஸ்டியரிங் வைத்த பழைய ஜப்பான் வான் ஒன்று நின்றது. கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தேன். வானுக்குரியவர் வந்து, திருடனுக்குச் சொல்வதுபோல ஒரு "பொன்ஜூர்" சொன்னார். நானும் பொன்ஜூர் சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். அந்தோனி அண்ணையை நினைத்துக்கொண்டு நின்றேன் என்பதை அந்த மனிதருக்கு எந்தப் பிரெஞ்சில் சொல்வது?

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நான் அந்தோனி அண்ணை வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தேன். டவுன்டவுனில் ஒரு உணவகக் குசினியில் வெங்காயம் வெட்டும் வேலை. ரயிலில் எவ்வளவு சனம் நெரித்தாலும் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். அந்த ராஜமரியாதை இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை. அண்ணை மன்னார்க்காரர்; யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவர் மனைவி ரீட்டா அக்கா பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்தார். நாள் முழுக்க அங்கே பிரெஞ்சுக் குழந்தைகளை அதட்டிவிட்டு வந்து, அதே குரலில் எங்களையும் அதட்டுவார். மகள் அப்போது ரொறன்ரோவில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. ஊருக்குப் போகவென்று எல்லாரும் சேர்த்து வைத்த லீவு சும்மா கிடந்தது. ஒரு சனிக்கிழமை, வெளியே யன்னல் மட்டத்துக்குப் பனி கிடந்தபோது, அண்ணை சொன்னார்:

"ஆபிரிக்காவுக்குப் போவம். கார் எடுத்து நாங்களே ஓடி யானை, சிங்கம் பாப்பம்."

"முதல்லை வாசல் பனியைத் தள்ளுங்கோ," என்றார் ரீட்டா அக்கா.

பனியைத் தள்ளினோம். அவர் பேச்சை மாற்றவில்லை. அதனால் பிரசன்னாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பிரசன்னா சென்னைப் பொடியன். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே எங்கள் குசினியில் கோப்பை கழுவினான். அவனிடம் லப்டொப் இருந்தது, ரீட்டா அக்காவின் இறைச்சிக் கறியில் அவனுக்குத் தீராத பக்தியும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததில் சனிக்கிழமைகள் எங்கள் பேஸ்மென்ட் ஒரு பயண நிறுவனமாகிவிட்டது. லைசென்ஸ் இல்லாததால் நான் வழிகாட்டியாக நியமிக்கப்பட்டேன். தெற்கு ஆபிரிக்காவின் பெரிய வரைபடமொன்றை வாங்கி, விரித்துவிட்டேனே தவிர, திரும்ப மடிக்க இறுதிவரை எனக்குத் தெரியவில்லை.

அங்கே வலது பக்கம் ஸ்டியரிங் வைத்த காரில், தெருவின் இடது பக்கம் ஓட வேண்டும். அண்ணை ஊரில் ஓடியது சைக்கிள் மட்டும்தான். பயிற்சிக்காக ஞாயிறு பூசை முடிய, மூடியிருந்த ஒரு கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தில் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓடினார். மூன்றாவது ஞாயிறு காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டி, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணை தனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டி, "ஆஃப்ரீக்," என்றார். காவலாளி கொஞ்சநேரம் எங்களைப் பார்த்துவிட்டு, கவனமாகப் போய்வாருங்கள் என்று சொல்லி விலகினார்.

தகராறு மாதத்தில் வந்தது.

"ஆகஸ்ட்தான் பெஸ்ட்ணா," என்றான் பிரசன்னா. "புல்லு காஞ்சிருக்கும். தண்ணி குடிக்க எல்லா மிருகமும் வெளிய வந்துடும்."

"இல்லைத் தம்பி. ஐப்பசி. ஒக்டோபர் கடைசி."

"மழை ஆரம்பிச்சிடும்ணா. புல்லு வளந்துட்டா சிங்கம் பக்கத்துல நின்னாக்கூடத் தெரியாது."

"தெரியாட்டிப் பரவாயில்லை. ஜொஹன்னஸ்பேர்க்கிலை ரெண்டு நாள் நிக்கிறமாதிரியும் போடு."

"அங்க ஏர்போர்ட்லேர்ந்து அப்படியே கிளம்பிடணும்னு எல்லாரும் எழுதியிருக்காங்க."

அண்ணை கதிரையில் சாய்ந்தார். பிரசன்னா என்னைப் பார்த்தான். நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

"அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோவன்," என்றார் ரீட்டா அக்கா, வழக்கமான அதட்டல் இல்லாமல்.

சொன்னார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், காசு வாங்கிக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரைக் கனடாவுக்கு அனுப்பிய வழி ஜொஹன்னஸ்பேர்க். இன்றைக்கு விமானம், நாளைக்கு விமானம் என்று சொல்லிச் சொல்லி, மாதக்கணக்கில் ஒரே அறைக்குள் இன்னும் சில பொடியன்களோடு பூட்டி வைத்திருந்தான். வெளியே தலை காட்டினால் பொலிஸ் பிடிக்கும் என்று யன்னலெல்லாம் பேப்பர் ஒட்டியிருந்தது. ஒரு மூலையில் பேப்பர் கிழிந்திருந்தது. அந்த ஓட்டையால் ஒரு மரம் தெரியும். இலையே இல்லாமல் முழுக்க ஊதாப் பூ.

"முறை வைச்சுப் பாப்பம்," என்றார். "சண்டையும் பிடிப்பம், ஆர் கனநேரம் பாத்தது எண்டு. ஆபிரிக்காவிலை நான் கண்டது அவ்வளவுதான். அது ஐப்பசியிலை பூக்கிற மரம்."

பிரசன்னா ஆகஸ்டை அழித்துவிட்டு ஒக்டோபரைப் போட்டான்.

எல்லாவற்றையும் திட்டமிட்டவன் கடைசியில் வரவில்லை. அவனுடைய இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டியிருந்தது. அது வருமுன் ரொறன்ரோவில் வேலை வந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும்தான் போனோம். அங்கே காரில் சிக்னல் தடி வலப்பக்கம். ஒவ்வொரு சந்தியிலும் அண்ணை சிக்னல் போட, வைப்பர் வெயிலைத் துடைத்தது.

ஏஜென்சிக்காரன் சொல்லிக் கேட்டிருந்த ஏரியாவின் பெயர் மட்டும் அவருக்கு நினைவிருந்தது. அங்கே போனோம். முதல் தெருவின் இரு பக்கமும் ஊதா. அடுத்த தெருவும் ஊதா. அதற்கடுத்ததும். காரின் மேலும் பூ விழுந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அவர் தேடிய ஒற்றை மரம் அந்த ஊரில் எங்கள் ஊர் வேம்பு மாதிரி, போகிற இடமெல்லாம் நின்றது. வீடுகளோ எல்லாம் ஒரேமாதிரி உயர்ந்த மதில், மின்கம்பி.

அண்ணை காரை நிறுத்தினார். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே இருந்தார்.

"எந்த வீடெண்டு தெரியேல்லை," என்றார்.

ரீட்டா அக்கா இறங்கிப் போய்ப் பக்கத்து மரத்தின் கீழ் நின்றார். "இதுதான் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. வாங்கோ."

அவரும் இறங்கிப் போனார். இருவரும் அங்கே நெடுநேரம் நின்றார்கள். நான் காருக்குள் வரைபடத்தை மடிக்க முயன்றுகொண்டிருந்தேன்.

பிறகு குரூகர் காட்டில் நாலு நாள். பிரசன்னா சொன்னதுபோலவே மழை வந்தது, புல் வளர்ந்திருந்தது. முன்னால் நின்ற கார்களெல்லாம் ஒரு புதரைக் காட்டிச் சிங்கம் என்றன. நாங்களும் அந்தப் புதரைப் படமெடுத்தோம். அண்ணை ஸ்டியரிங்கிலேயே நல்ல நித்திரை. அவர் அப்படி நித்திரை கொண்டு தான் பார்த்ததில்லை, எழுப்ப வேண்டாம் என்றார் ரீட்டா அக்கா.

அந்த பேஸ்மென்ட் சனிக்கிழமைகள் இப்போது இல்லை. ஒரு பயணத்துக்கு நாலு பேர் ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை பிடிக்கத் தேவையும் இல்லை. பிரசன்னா எந்த நாட்டில் என்று தெரியாது. அண்ணையும் அக்காவும் வீட்டை விற்று மகளோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள்.

போன கோடையில் அங்கே ஒரு கலியாண வீட்டில் அவர்களோடு ஒரே மேசையில் இருந்தேன். ஆபிரிக்காவுக்குப் போக இருந்த ஒரு பிள்ளை, "அங்கிள், நீங்கள் எத்தினை தரம் போனனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஒருக்காத்தான்," என்றார் அந்தோனி அண்ணை. "சிங்கம் பாக்க."

அவர் பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. ரீட்டா அக்கா அவர் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னுமொரு துண்டு இறைச்சி வைத்தார்.