மூன்றாம் தட்டுக்கு ஒன்பது மார்க்

எங்கள் கீழ்வீட்டு தாதா அலிப்பூர் கோர்ட்டில் வக்கீல். தாதா என்றால் வங்காளியில் அண்ணன், பயப்பட வேண்டாம். அறுபதை நெருங்கும்போது கோர்ட் அலுத்துப்போய், வீட்டிலேயே கோகோ கொட்டையை வறுத்து, தோல் புடைத்து, அரைத்து, கறுப்புச் சாக்லெட் செய்ய ஆரம்பித்தார். காளிகாட் பக்கம் கஃபே வைத்திருப்பவர் ஒருவர், "திங்கட்கிழமை கொண்டுவாங்க. பிடிச்சா பூஜைக்கு முன்னாடி கடையில வெக்கிறேன். பிடிக்கலைன்னா மறுபடி வராதீங்க" என்று சொல்லிவிட்டார். ஒரே வாய்ப்பு. அது நன்றாகப் போனால் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிடுவதாக தாதா முடிவு செய்திருந்தார்.

அதற்கு முந்தின நாள், ஞாயிறு, வழக்கம்போல் எங்கள் வீட்டில் ருசி பார்த்தோம். கடையில் வாங்கிய சாக்லெட் இரண்டு, தாதாவுடையது ஒன்று. எது யாருடையது என்று தெரியாமல் தின்று, பத்துக்கு மார்க் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் முகத்துக்கு நேரே பொய்தான் சொல்வார்கள் என்பது தாதாவின் தொழில் அனுபவம். உறை பிரித்து உடைத்துத் தட்டில் வைப்பது என் மனைவி. நீதிபதி நான்.

என் தகுதியைக் கேட்காதீர்கள். வங்கியில் மற்றவர்களின் கடன் விண்ணப்பங்களைச் சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கி, மாற்றலில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவன். சாக்லெட்டைப் பற்றி நாலு வீடியோ பார்த்துவிட்டு, "அத்திப்பழம், ஈரமண், கடைசியில் கொஞ்சம் பழைய தோல்" என்று அடித்துவிடுவேன்.

"பழைய தோலை நீங்க எப்ப தின்னீங்க?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"உங்கம்மா செஞ்ச அதிரசம்" என்றேன். அன்று இரவுச் சாப்பாடு லேக் மார்க்கெட் ஓட்டலில், தனியாக.

அந்த ஞாயிறு எல்லாமே சரியில்லாமல் இருந்தது. சமையலறை மூலையில் எங்கள் கிரைண்டர் இல்லை. "பெல்ட் அறுந்துபோச்சு. ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றாள் மனைவி. எங்கள் வீட்டில் எது கெட்டாலும் குற்றவாளி நான்தான். கிரைண்டருக்கு மட்டும் ஒரு வசவுகூட விழவில்லை. அது உறுத்தியது.

தாதாவும் அன்று வாயே திறக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி, நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவோம், ஒரு கிண்ணம் பொரியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். கசப்பை மருந்தாக மட்டுமே விழுங்குகிறவர். அவர் கணவர் செய்த சாக்லெட்டை அதுவரை தொட்டதில்லை. பொரி எனக்காக; ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே நாக்கைச் சுத்தம் செய்ய.

முதல் தட்டுத் துண்டு 'டக்'கென்று உடைந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. ஆறு. இரண்டாவது, புளிப்பு தூக்கல். ஐந்து. பொரி. தண்ணீர்.

மூன்றாவது நாக்கில் கரைந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். கல்யாண வீட்டில் எதிரே வந்து சிரிக்கிறவர் மாதிரி ஒரு ருசி. நன்றாகத் தெரிந்த முகம், பேர்தான் வரவில்லை.

"ஒன்பது" என்றேன்.

தாதா எழுந்தே நின்றுவிட்டார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கு ஆறுதான்" என்றாள்.

நான் யாருக்கும் ஏழுக்கு மேல் போட்டதில்லை. வங்கியில் எல்லாக் காகிதமும் ஒழுங்காக இருக்கிற மனுவைத்தான் இரண்டு முறை பார்ப்போம். இப்போது என் நாக்கின் மேலேயே சந்தேகம் வந்தது. இன்னொரு துண்டு போட்டு, விழுங்காமல் வைத்திருந்தேன். கடைசியில் மூக்கு வழியாக வந்தது அத்திப்பழம் இல்லை. இட்லிப் பானையைத் திறந்த ஆவி. வெந்தயம்.

"நம்ம கிரைண்டர் எங்கே இருக்கு?"

"கீழ்வீட்டுல" என்றாள் மனைவி. தாதாவின் மெஷின் மோட்டார் பாதி அரைப்பில் புகைந்துவிட்டதாம். மொத்தமும் வீணாகிவிடுமே என்று எங்களுடையதைக் கழுவி வெயிலில் காயவைத்துக் கொடுத்திருக்கிறாள். "உங்ககிட்ட சொன்னா வாயில போடறதுக்கு முன்னாடியே வெந்தயம்னு சொல்லியிருப்பீங்க."

"அது உண்மைதானே?"

"இப்ப உண்மை. அப்ப வம்பு."

வருஷக்கணக்காக உளுந்தோடு வெந்தயம் அரைத்த கல். கழுவினால் போகிற வாசனையா?

"தாதா, ஒன்பதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றேன். "நான் மார்க் போட்டது எங்க வீட்டு இட்லிக்கு."

தாதாவுக்குள் வக்கீல் விழித்துக்கொண்டார். "தெரியாதப்போ ஒன்பது. தெரிஞ்சதும் வாபஸ். எதை நம்பணும்?"

"இரண்டாவதை."

"சாட்சி பல்டி அடிச்சா, அடிக்க வெச்சது யாருன்னுதான் நாங்க பார்ப்போம்." அவர் பார்வை என் மனைவி மேல் போனது. "உங்களுக்கு கிரைண்டர் திரும்ப வேணும். அவ்வளவுதானே?"

"நீங்களே வெச்சுக்குங்க, தாதா. இனி அதுல அரைச்சா இட்லி கறுப்பாத்தான் வரும்" என்றாள் அவள்.

"அப்போ இந்தச் சாக்லெட்டையே நாளைக்குக் கஃபேக்கு எடுத்துட்டுப் போறேன். ஒன்பதுன்னா ஒன்பது."

காளிகாட்காரர் இட்லி தின்று வளர்ந்தவர் இல்லையே. என் அரைகுறை நாக்கை நம்பி ஒரு மனிதர் கோட்டைக் கழற்றப் போகிறார்.

அப்போது பௌதி பொரிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மூன்றாம் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டே மென்றார்.

"இதுல ஃபோரன் போட்டது யாரு?" என்று கணவரைக் கேட்டார்.

வங்காளிச் சமையலில் எண்ணெயில் பொரியவிடும் ஐந்து மசாலாக்கள்தான் ஃபோரன். அதில் வெந்தயமும் உண்டு. நாங்கள் வெந்தயம் என்று பேசிய தமிழ் புரியாமலே, பருப்பில் தாளிக்கிறதைச் சாக்லெட்டில் கண்டுபிடித்துவிட்டார். தாதா அவரைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. மெதுவாக உட்கார்ந்து, கஃபேக்காரருக்குப் போன் போட்டார்.

"நாளைக்குன்னுதானே சொல்லியிருந்தேன்?" என்று அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது எங்களுக்கே கேட்டது.

"நாளைக்குக் கொண்டுவந்தா நீங்க என்னை மறுபடி உள்ளே விடமாட்டீங்க. மகாளய அமாவாசைக்கு முன்னாடி ஒரு நாள் கொடுங்க."

கஃபேக்காரர் கொடுத்துவிட்டார், முணுமுணுத்துக்கொண்டே.

அன்று சாயங்காலமே தாதாவையும் பௌதியையும் புது கிரைண்டர் வாங்க லேக் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் தமிழில், "எத்தனை பேருக்கு மாவு, சார்?" என்றார்.

"மாவு இல்லைங்க, சாக்லெட்."

அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு கிரைண்டரை முன்னால் நகர்த்தினார். நான் கல்லைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனேன். தாதா அதை என் கையிலிருந்து வாங்கினார்.

"நீங்க வேணாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பௌதியிடம் நீட்டினார்.

பௌதி முகர்ந்தார். முந்தானையால் துடைத்து மறுபடி முகர்ந்தார்.

"இதுல யாருக்கோ மாவு அரைச்சுக் காட்டியிருக்காங்க" என்றார் என்னிடம். "பெட்டி பிரிக்காதது ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க."