என் இருமலைக் கற்ற மைனா

முதலில் இருமியது மைனாதான்.

வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து என் இருமல் கேட்டது. இரண்டு தடவை அடித்து, மூன்றாவதை விழுங்கிக்கொள்ளும் வறட்டு இருமல். உள்ளே போய்ப் பார்த்தேன். கூண்டிலிருந்த மலை மைனா கழுத்தைச் சாய்த்து என்னையே பார்த்தது. மறுபடியும் இருமியது.

"அப்பா, மைனாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சுப்பா" என்று என் மகள் ஸ்டெல்லா சிரித்தாள். அப்போது அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது மூன்று வாரத்துக்கு மேல் தொண்டை கம்மியிருந்தால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். போய்க் காட்டுங்கள்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. மொரப்பூருக்கும் கடத்தூருக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். நாளெல்லாம் கத்துகிற வேலை, கத்தாத நேரத்தில் பீடி. தொண்டை கம்மாத கண்டக்டரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அப்படித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மைனாவைக் காரிமங்கலம் சந்தையில் ஒரு மலைக்காரரிடம் வாங்கியிருந்தேன். கன்னங்கரேல் என்ற உடம்பு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் தோல். கிளி பேசினால் அது கிளிப்பேச்சு என்று தெரிந்துவிடும். மலை மைனா யார் குரலை எடுத்துக்கொண்டதோ, அந்த ஆளே பேசுவதாக நினைக்க வைக்கும். அது என் குரலை எடுத்துக்கொண்டது. "போலாம் ரைட்" என்று அது சொன்னதும் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எழுந்து நின்றிருக்கிறார்கள்.

நாங்கள் வேதக்காரர்கள். விளக்கு வைத்ததும் ஜெபமாலை சொல்லுவோம். ஒவ்வொரு மணிக்கும் முன்பாதியை நான் சொல்ல, பின்பாதியை என் மனைவி ஆரோக்கியமும் ஸ்டெல்லாவும் சொல்லுவார்கள். கூண்டும் அதே அறையில்தான். ஒரே நேரத்தில், ஒரே குரலில், ஒரே வார்த்தையைத் தினமும் ஐம்பது தடவை கேட்டால் எந்தப் பறவைதான் கற்காது? "அருள் நிறைந்த மரியே" என்று அதுவும் தொடங்கும். பின்பாதி மட்டும் அதற்கு வரவே இல்லை.

கம்மல் குறையாமல் கடைசியில் போய்க் காட்டிய தர்மபுரி டாக்டர் என் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்.

"எத்தன நாளா இப்பிடி இருக்கு?"

"நாலு மாசம் இருக்குங்க."

"வீட்டுல யாரும் சொல்லலையா?"

மைனா சொல்லுச்சுங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மெட்ராஸுக்கு அனுப்பினார். நானும் ஆரோக்கியமும் மொரப்பூரில் ரயில் ஏறினோம். அங்கே பயாப்சி (சதையைக் கிள்ளியெடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்று. லாரின்ஜெக்டமி (குரல்வளையை முழுதாக எடுத்துவிடும் அறுவை) ஒன்றுதான் வழி என்றார்கள். மூச்சு விட ஸ்டோமா (கழுத்தடியில் நிரந்தரமாக வைக்கும் துளை) இருக்கும்.

"சொல்ல வேண்டியத இன்னைக்கே சொல்லிடுங்க" என்றார் டாக்டர், அறுவைக்கு முந்தின நாள். பாவி நான், ஆரோக்கியத்திடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "கேரியர் மூடிய சரியாப் போடல பாரு, ரசம் ஒழுவுது."

அறுவை முடிந்தது. பிறகு கரண்ட் வைத்தார்கள் (கதிர் வைத்தியம், நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்கிறோம்). கழுத்துத் தோல் கருகி உரிந்தது. அழுதால் கண்ணீர்தான் வந்தது, சத்தம் வரவில்லை. சத்தமில்லாமல் அழுவது எவ்வளவு பயங்கரம் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

ஊர் திரும்பியது ஒரு மத்தியானம். ஸ்டெல்லாவுக்குத் துணையாக இருந்த என் தங்கை காட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கை வைத்தேன்.

"யாரு?" என்றது உள்ளே என் குரல். "உள்ள வாங்க."

நோய் வருவதற்கு முன்னிருந்த குரல். கம்மல் இல்லை, பீடிக் கரகரப்புகூட இல்லை. என் வீட்டுக்குள் நான் நல்லபடியாக இருந்தேன். வாசலில் யாரோ ஒரு ஊமை, கழுத்தில் துணி கட்டிக்கொண்டு நின்றான். ஆரோக்கியம் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று விளக்கு வைத்ததும் ஜெபமாலையை எடுத்துப் பாயில் உட்கார்ந்தேன். முன்பாதியை யார் சொல்வது என்று தெரியாமல் ஆரோக்கியமும் ஸ்டெல்லாவும் என் முகத்தைப் பார்த்தார்கள். "அருள் நிறைந்த மரியே" என்று கூண்டிலிருந்து வந்தது. யோசிப்பதற்கு முன்பே இரண்டு பேரும் பின்பாதியைச் சொல்லிவிட்டார்கள். பல வருஷத்துப் பழக்கம், அந்தக் குரல் கேட்டால் அவர்கள் வாய் தானாகப் பதில் சொல்லும். மைனா அடுத்ததைத் தொடங்கியது. நான் மணியை உருட்டிக்கொண்டிருந்தேன்.

பகலிலும் அதே கதைதான். "ஆரோக்கியம்!" என்று அது கூப்பிடும். "இதோ வந்துட்டேங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். பக்கத்தில் நின்று நான் கையைத் தட்டினால் அவளுக்குக் கேட்காது.

ஒரு நாள் ஆத்திரம் தாங்கவில்லை. கழுத்தைத் திருகிவிடத்தான் கூண்டுக்குள் கையை விட்டேன், மறைக்க மாட்டேன். மைனா விலகவில்லை. என் பழைய இருமலை இருமியது. இரண்டு அடித்து, மூன்றாவதை விழுங்கியது. டாக்டர்கள் வெட்டியெடுத்து வீசிய இருமல். என் இன்னொரு கை தானாகக் கழுத்துத் துளைக்குப் போனது.

ஆரோக்கியம் வந்து பார்த்துவிட்டாள்.

"ஏங்க, அதையும் கொன்னுட்டா ஒங்க கொரலுக்கு நான் எங்கீங்க போவேன்?"

கையை எடுத்துவிட்டேன். எனக்கு வந்தது பொறாமை. ஒரு பறவைமேல் பொறாமை. என் பெண்டாட்டி எனக்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது.

அடுத்த தடவை மெட்ராஸ் போனபோது, பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாவிடம் சிலேட்டில் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"பறவைக்குக் குரல் தொண்டையில இல்லைங்க. நெஞ்சுக்குள்ள, மூச்சுக்குழாய் ரெண்டாப் பிரியிற இடத்துல இருக்கு. அதுக்கு உதடும் இல்ல. ஆனாலும் உங்கள மாதிரி பேசுது. நீங்களும் வேற இடத்துலேருந்து பேசலாம்."

அந்த இடம் உணவுக்குழாய். காற்றை விழுங்கி, ஏப்பமாக மேலே கொண்டுவந்து, அதை வார்த்தையாக உடைக்க வேண்டும். மாதக்கணக்கில் கூண்டுக்கு எதிரில் உட்கார்ந்து பழகினேன். ஏப்பம் வந்தது, வாந்தி வந்தது, வார்த்தை வரவில்லை. மைனா வாயை மூடிக்கொண்டு கேட்டது. ஒரு பறவை அவ்வளவு கவனமாக உங்கள் வாயையே பார்ப்பதை நீங்கள் அனுபவித்திருக்க மாட்டீர்கள்.

ஒரு சாயங்காலம் ஜெபமாலையில் "அருள்" என்றேன். தவளை கத்துவது போலிருந்தது. மூச்சு சேர்த்து, "நிறைந்த". மைனா பேசவில்லை. ஒரு கணம் தாயும் மகளும் பயந்து கூண்டைப் பார்த்தார்கள். பிறகு ஸ்டெல்லா அழுதுகொண்டே பின்பாதியைத் தொடங்கினாள். ஆரோக்கியமும் சேர்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு பழைய குரல் குறைந்தது. சில மாதத்தில் மைனா பேசியதெல்லாம் என் புதுக்குரல்தான், அதே தவளைக் கத்தல். இருமல் மட்டும் மாறாமல் இருந்தது.

பஸ் முதலாளி, வண்டி நிறுத்தும் ஷெட்டில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை தந்தார். ஒரு நாள் சீக்கிரம் வீடு திரும்பினேன். ஆரோக்கியம் கூண்டுக்கு முன்னால் நின்று பப்பாளித் துண்டை நீட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஒருக்கா சொல்லு சாமி. அந்தக் காலத்துல சொல்லுவியே, அப்பிடிச் சொல்லு. ஒரே ஒருக்கா."

மைனா யோசித்தது. தவளைக் குரலில் "ஆரோக்கியம்" என்றது.

அவள் பப்பாளித் துண்டைக் கூண்டுக்குள் வைத்தாள். பிறகு, "என்னாங்க?" என்றாள், அதனிடம். என் பழைய குரல் இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை என்பது அப்போது எனக்கு உறைத்தது.

வாசலிலிருந்தே "ஆரோக்கியம்" என்றேன். அவள் திரும்பவில்லை. "சொல்லுங்க" என்று கூண்டைப் பார்த்துச் சொன்னாள். குரல் வைத்து இனி என்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது. பேசாமல் நின்றேன். நடந்து வந்த களைப்பில் கழுத்துத் துளையில் மூச்சு விசிலடித்தது. "குக்கர் வந்துடுச்சு" என்று ஸ்டெல்லா கேலி செய்கிற மெல்லிய விசில்.

ஆரோக்கியம் சட்டென்று திரும்பினாள்.

"எப்பங்க வந்தீங்க?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தினமும் காலையில் கண் விழித்ததும் முதலில் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பேன். பிறகு கூண்டுப்பக்கம் காதை வைப்பேன். அந்த விசிலை மைனா இன்னும் கற்கவில்லை.