என் வாக்கியத்துக்கு வந்த தாடி

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூலூரிலிருந்து கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுவேன். ஒரு பள்ளிக்கூட ஹாலில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், வக்கீல்கள், மில்காரர்கள் வருவார்கள். யார் வாயைத் திறந்தாலும் உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரத் தத்துவவாதி பேசுவார். பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கும் எனக்கு அங்கே வாய்த்த இடம் நன்றியுரை.

ஒருமுறை பேச வேண்டியவர் வரவில்லை. தலைவர் என்னை எழுப்பிவிட்டார். பெரியவர்களைக் கும்பிடத் தொடங்கியதும் அவர்களைப் படிப்பதை நிறுத்திவிடுகிறோம் என்றேன். முன்வரிசை வக்கீல் பேனாவைத் திறந்துகொண்டு, இதைச் சொன்னது யார் என்று ஆவலாகக் கேட்டார். நான்தான் என்றேன். பேனாவை மூடிவிட்டார்.

அடுத்த வாரம் அன்னூரிலிருந்து அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். நான் கல்லூரி நாளிலிருந்து விரும்பிப் படிக்கும் தாடிக்கார ஜெர்மானியர். அவருக்குக் கீழே என் வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். போனிலும் கூப்பிட்டாள்.

"எத்தன அழகாச் சொல்லியிருக்காரு பாரு கண்ணு. நீயும் மாசாமாசம் போயிட்டு வாரே, இப்படி ஒண்ணு சொல்லியிருக்கியா?"

அதைச் சொன்னதே நான்தான் என்றேன். சாப்பிட்டாயா என்று அக்கா கனிவாக விசாரித்தாள்.

அடுத்த கூட்டத்தில் தலைவரைப் பிடித்தேன். படத்தைத் தயாரித்தது அவரேதான். ஒளிக்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. உங்க பேரப் போட்டா யாருங்க படிப்பாங்க? நல்ல கருத்து, வீணாப் போயிரக்கூடாதுன்னுதான் செஞ்சுபோட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "வேணும்னா அடியில 'தமிழில்'னு உங்க பேரையும் சேத்துப்போடலாங்க."

என் வாக்கியத்துக்கு என்னையே மொழிபெயர்ப்பாளராக்குகிறார். கத்தலாம் என்றால் இத்தனை 'ங்க'வுக்கு நடுவே குரல் எழும்பவில்லை. அந்த ஜெர்மானியரின் பக்கத்தில் நிற்க எனக்கு ஆசைதான். அவர் தாடிக்குள் ஒளிந்து நிற்க ஆசையில்லை. அடுத்த மாதம் நான் பேசுகிறேன் என்றேன். எதைப் பற்றி என்று தலைவர் கேட்டார். ஜெர்மானியர் எழுதியதில் எனக்கு ஒப்பாத ஒன்றைப் பற்றி என்றேன். தலைவர் முகம் சுருங்கியது. ஆனாலும் சரி என்றார்.

அடுத்த மாதம் பேச எழுந்தேன். சிந்திக்கத் தனிமை வேண்டும் என்று ஜெர்மானியர் ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறார். அவருக்குச் சமைத்துப்போட ஆள் இருந்தது, எனக்கு வந்த யோசனையெல்லாம் நெரிசல் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தவை என்றேன். வக்கீல் கூரையைப் பார்த்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். பல்லடத்தில் விசைத்தறி வைத்திருப்பவர். அதுவரை வாயே திறந்ததில்லை.

"நீங்க சொல்றது முழுக்கத் தப்புங்க."

பஸ்ஸில் வருவது யோசனை அல்ல, வெறும் எரிச்சல் என்றார். இரண்டும் ஒன்றாக வரக்கூடாதா என்று கேட்டேன். ஹாலைப் பூட்ட ஆள் வந்தும் அவர் விடவில்லை. நிறுத்தத்துக்கும் கூடவே வந்தார். போதாக்குறைக்கு இருவருக்கும் ஒரே பல்லடம் பஸ். என் முன்சீட்டில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, என் பேச்சை ஒவ்வொரு வரியாக உரித்துப்போட்டார். எனக்குத் தலைவலி வந்துவிட்டது. ஆனால் நானும் விடவில்லை. சூலூரில் இறங்கினேன். அவர் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினார். பஸ் கிளம்பிய பிறகும் கையை ஆட்டி ஆட்டி என்னை மறுத்துக்கொண்டே போனார்.