தெரியாத ஐந்து சொற்கள்

நியாயஸ்தரை நம்பி எந்தக் காரியத்தையும் ஒப்படைக்கக் கூடாது. என் மாமா அப்படிப்பட்டவர். அம்மாவின் அண்ணன், தமிழ்ப்பள்ளி ஆசிரியர். சிறுவர் அகராதி ஒன்றைப் புதுப்பிக்கும் குழுவில் அவரையும் போட்டிருந்தார்கள். கணினிச் சொற்கள் உள்ளே வர வேண்டும், பழையவை சில வெளியே போக வேண்டும். ஒரு பிள்ளைக்குக்கூடத் தெரியாத சொல்லை அடித்துவிடுவது என்று குழுவில் பேசி முடித்திருந்தார்கள்.

பள்ளிகளில் கேட்டாகிவிட்டது. ரப்பர்த் தோட்டத்துச் சொற்கள் ஐந்து யாருக்கும் தெரியவில்லை. மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. அந்தத் தாளோடு ஸ்கூடாய் பட்டணத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் தெரியும் என்றால் போதும், ஐந்தும் பிழைத்துவிடும்.

எனக்கா தெரியாது? அம்மா லாபிஸ் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்தவர். தொழிற்சாலை வேலைக்கு வந்த பிறகும் அவர் பேச்சு மாறவில்லை. தோட்டத்தில் விடியுமுன் ஆள் எண்ணுவதற்குப் பெரட்டு என்று பெயர். பள்ளிக்கு எழுப்பும்போது “பெரட்டுக்கு நேரமாச்சு” என்பார். மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பால் ஒட்டுப்பால். எங்கள் வீட்டில் சட்டியில் பிடித்த சோற்றுக்கும் அதுதான் பெயர். ஐந்தும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.

அன்றைக்கென்று சிங்கப்பூரிலிருந்து சித்தி மகள் வந்திருந்தாள். என் வயதுதான், பத்து. மாமா முதல் சொல்லைக் கேட்டதுமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“எஸ்டேட் பேச்சு லா.”

எனக்கு மானம் போய்விட்டது. தெரியாது என்றேன். அடுத்ததற்கும் தெரியாது. ஐந்துக்கும் தெரியாது.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணு. வீட்டுல கேட்டதே இல்லையா?”

“இல்ல மாமா.”

அடுக்களை வாசலில் கோப்பியோடு நின்றிருந்தார் அம்மா. “விடுங்கண்ணே. புள்ளைக்குத் தெரியலன்னா அடிச்சிருங்க,” என்றார்.

மாமா சிவப்பு மையால் ஐந்தையும் அடித்தார். நான் புளுகுகிறேன் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பிள்ளை வாயால் வர வேண்டும் என்பது விதி. பாவி மனுஷர், அதற்குக் கட்டுப்பட்டுவிட்டார்.

மறுநாள் அம்மா “டைம் ஆச்சு” என்று எழுப்பினார். அந்த ஐந்தும் அவர் வாயில் பிறகு வரவே இல்லை. என் தோழிகள் வந்தால் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதோடு சரி. அம்மா திருந்திவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நாசமாய்ப் போன சந்தோஷம்.

போன வருடம், ஆஸ்பத்திரியில், கடைசி நாட்களில் கேட்டேன்: “தோட்டத்துல எப்படிம்மா இருந்தீங்க?”

அம்மா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியாதும்மா,” என்றார்.

இளமைக்காலத்தைச் சொல்ல அவரிடம் வேறு சொற்கள் கிடையாது என்பது அந்தப் பத்து வயதுக்கு எட்டவில்லை.