செம்பூர் மஞ்சள் சீட்டு

“...அப்போ அந்த அடிவரியை நீ எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டுத்தான் சீட்ட எங்கிட்ட வித்திருக்க, இல்லையா தம்பி?” என்று வாசலில் நின்று மதினி கேட்டபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறையப் பற்பொடி. அதனால் உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துப்பிவிட்டு வந்தால் போதும். நான் துப்பவும் இல்லை.

மதினி என்றால் சொந்தம் இல்லை. தாராவியில் எங்கள் வரிசையில் மூன்றாவது குடிசை. அவள் புருஷன் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் என்பதால் எனக்கு மதினி ஆகிவிட்டாள். அவர் தோல் பதனிடும் இடத்தில் மூட்டை தூக்குகிறவர். சாப்பிடுவதற்கு மட்டும் வாய் திறப்பவர். பேச்சு, கணக்கு, சண்டை எல்லாம் மதினி. காலையில் இட்லி அவித்து மாட்டுங்கா வரைக்கும் தலையில் சுமந்து விற்றுவிட்டு வருவாள். “மாவு பொங்கும்போது சட்டி பெருசாயிட்டுன்னு நினைக்கப்பிடாது” என்பது அவள் சொல்கிற சொல். நான் அதை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் செம்பூரில் ஒரு குடியிருப்புச் சங்கம் அறுபது வீடு கட்டப்போவதாகச் சொல்லி விண்ணப்பம் வாங்கியது. ஐந்து ரூபாய் கட்டினால் ஒரு மஞ்சள் சீட்டு. அதில் நம்பர், பெயர், முத்திரை, அடியில் பொடி எழுத்தில் ஒரு ஆங்கில வரி. ஆள் அதிகம் என்றால் குலுக்கல். சங்கம் யாரையும் ஏமாற்றவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களை ஏமாற்ற வெளியாள் தேவைப்படவில்லை.

ஊருக்குப் போகிற ஒருத்தர் ரயில் செலவுக்காகத் தன் சீட்டைப் பதினைந்து ரூபாய்க்குக் கொடுத்தார். வாங்கினவர் அடுத்த வாரம் நாற்பதுக்கு விற்றார். அன்று குழாயடியில் அதுதான் பேச்சு. “சும்மா பெட்டியில கெடந்த காயிதம் ஒரு வாரத்துல இருவத்தஞ்சு ரூவா குட்டி போட்டிருக்கே!” அதற்கப்புறம் தண்ணீர்க் குடத்தோடு சீட்டும் வரிசையில் நின்றது.

ஒருத்தர் செம்பூருக்கே போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். உப்புச் சேறு, நாலு முளைக்குச்சி, வேறு ஒன்றும் இல்லை. அதைத்தான் சொன்னார். “குச்சி நட்டுட்டானாம்ல!” என்று விலை நூறைத் தாண்டியது. பிறகு ஒரு நாள் சங்கத்து ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. “கூட்டம் தாங்காமப் பூட்டிட்டான்” என்று இருநூறு. மறுநாள் திறந்தார்கள். “தொறந்துட்டான், இனிமே வேலை மடமடன்னு நடக்கும்” என்று முந்நூறு. என்ன சேதி வந்தாலும் அது ஏறுகிற சேதியாகவே இருந்தது. வீட்டைப் பற்றிப் பேச்சே நின்றுபோயிற்று. அடுத்த வாரம் யார் எவ்வளவுக்கு எடுப்பார் என்பதுதான் கேள்வி.

விற்கிறபோது பத்திரம் கிடையாது. குழாய்க்குப் பக்கத்துப் பிள்ளையார் முன்னால் விற்கிறவர் சூடம் ஏற்றுவார், வாங்குகிறவர் உள்ளங்கையால் அடித்து அணைப்பார். அணைத்தபின் மறுபேச்சு இல்லை. ஊரில் ஆடு மாடு, கிணற்றுப் பங்கு எல்லாம் எங்களுக்கு அப்படித்தான் கைமாறியது. சீட்டும் அப்படித்தான் மாறும் என்று நம்பினோம். நாலு கை தாண்டிய சீட்டிலும் முதல் ஆளின் பெயரே இருந்தது. அது யாருக்கும் உறுத்தவில்லை. சாமி பார்த்திருக்கிறதே.

நான் மாட்டுங்காவில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. ஈய எழுத்தைத் தலைகீழாகப் பார்த்துப் பார்த்தே ஆங்கிலம் கொஞ்சம் பழகியது. நானும் ஐந்து ரூபாய் கட்டிச் சீட்டு வாங்கின அன்றே அடிவரியைக் கூட்டிப் படித்தேன். இது வேறு பெயருக்கு மாறாது என்று இருந்தது. சீட்டு நாற்பது ரூபாய்க்கு விற்றபோது அதைக் குழாயடியில் சொன்னேன்.

“ஏல, இவன் அச்செழுத்தைக் கவுத்திப் போட்டுப் படிக்கிறவன். சீட்டையும் கவுத்திப் படிச்சிருப்பான்!” என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் சொல்லவில்லை.

விலை அறுநூற்றைம்பது ஆனபோது மதினி என் சீட்டைக் கேட்டு வந்தாள். என் சம்பளத்தில் அது ஏழு மாதத்துக்கு மேல். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் ஆளாகியிருந்தாள். “பொம்பளப் பிள்ளைக குளிக்கிறதுக்கு ஒரு கதவு வேணும் தம்பி. எனக்கு மாடி வேண்டாம், ஜன்னல் வேண்டாம். கதவு போட்ட குளிக்கிற எடம்” என்றாள். அதற்காகத் தன் குடிசையைப் பகடிக்கு விட்டுவிட்டாள். ஒரே தடவையாக மொத்தப் பணம் வாங்கிக்கொண்டு இடத்தைக் கொடுத்துவிடுவதுதான் பகடி. புதிதாக வந்த ஒரு குடும்பம் பணம் கொடுத்துவிட்டது. வருகிற ஒன்றாம் தேதி காலி செய்ய வேண்டும். வீடு கைக்கு வரும்வரை சுனாபட்டியில் சித்தி மகள் வீட்டில் ஒண்டிக்கொள்வதாக ஏற்பாடு.

“நாளைக்கு எண்ணூறு ஆயிருமாம்ல. நீ பொழைக்கத் தெரியாதவன், இன்னைக்கே விக்கியே!” என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

என் மனைவி உள்ளே வைத்து மெதுவாகக் கேட்டாள். “அந்த இங்கிலீசு வரி என்னமோ சொன்னீங்களே?”

“ஊரே வாங்குது” என்றேன்.

சூடம் ஏற்றினேன். மதினி அணைத்தாள். அந்தப் பணத்தில் பழைய தையல் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டோம். அந்த வரி எனக்கு அன்று நினைவில் இல்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்தது.

மூன்று வாரம் கழித்துச் சங்கத்தில் அறிவிப்புப் பலகை வைத்தார்கள். பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டும் ரேஷன் கார்டோடு நேரில் வர வேண்டும். மற்றவர் கையில் இருக்கிற சீட்டு செல்லாது. கட்டின ஐந்து ரூபாயும் பெயருக்குரியவரிடம்தான் திருப்பித் தரப்படும்.

விலை இறங்கியதை நான் பார்க்கவில்லை. இறங்குவதற்குக் கேட்கிறவன் வேண்டும். மறுநாள் குழாயடியில் குடம் நிரம்புகிற சத்தம் மட்டும் கேட்டது. “சூடத்தக் கொண்டு போயி அவங்கிட்டக் காட்டுவமா?” என்று ஒருத்தர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அடிதடியும் வரவில்லை. வாங்கினவர்களில் பாதிப் பேர் விற்றவர்களும்தான். யார் சட்டையை யார் பிடிப்பது? மதினியின் சித்தி மகள் நாலு சீட்டு வைத்திருந்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டாள்.

குலுக்கலுக்கு மதினியையும் கூட்டிக்கொண்டு போனேன். என் பெயர் வந்தால் வீடு அவளுக்கு என்று முடிவு செய்திருந்தேன். வரவில்லை. “சீட்டுக்குக் காசு கொடுத்திருக்கேனே” என்று அவள் கேட்டதற்கு, அங்கிருந்த குமாஸ்தா அடிவரியில் விரல் வைத்துத் தமிழில் விளக்கினார். கோபமில்லாமல் நிதானமாகச் சொன்னார். ஐந்து ரூபாயை எண்ணி என் கையில் கொடுத்தார். நான் மதினியிடம் நீட்டினேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். திரும்பும்போது ரயிலில் அந்த முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். என்ன பார்த்தேன் என்று இப்போது நினைவில்லை.

அடுத்த நாள் காலையில்தான் வந்து அப்படிக் கேட்டாள்.

வாயைக் கொப்பளித்தேன். “ஆமா மதினி.”

“எப்ப படிச்ச?”

“மொத நாளே.”

தலையாட்டினாள். வைவாள் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் எனக்கு ஏதாவது தோன்றியிருக்கலாம். “மெஷினை வித்துத் தாரேன். மிச்சத்த மாசாமாசம் கொடுத்துருதேன்” என்றேன்.

“பணத்துக்கு வரல. அணைச்ச சூடம் அணைச்சதுதான். அதுல நீயும் பேசப்பிடாது, நானும் பேசப்பிடாது” என்றாள். பிறகு, “இன்னைக்குத் தேதி ஒண்ணு” என்றாள்.

சந்தின் பக்கம் திரும்பி, “ஏட்டி, கொண்டாங்க” என்று குரல் கொடுத்தாள். பெண்கள் இரண்டு பேரும் குடமும் பாயுமாக வந்தார்கள். பின்னால் அவள் புருஷன் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். மதினி குனிந்து எங்கள் அறைக்குள் நுழைந்தாள். பத்துக்குப் பத்து அறை. சுவரை ஒரு தரம் பார்த்தாள். என் மனைவி தைத்துக்கொண்டிருந்த மெஷினை, “கொஞ்சம் எந்திரி தாயீ” என்று சொல்லி, எங்கள் பக்கமாக இழுத்துத் தள்ளினாள். கயிறு கேட்டு வாங்கி இந்த ஆணிக்கும் அந்த ஆணிக்கும் நடுவில் கட்டி, ஒரு பழைய புடவையை அதன்மேல் விரித்துப் போட்டாள்.