கறுப்பு டேப்புக்கு அடியில் எரிந்த விளக்கு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த ல எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. எழுத்தும் ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல ஐந்து வருடமாக முயன்று முடியாமல் போனதால்தான் பேனாவை எடுத்தேன்.

அப்போது நாங்கள் படப்பையில் வாடகைக்கு இருந்தோம். ஒரகடம் போகிற வழியில் ஒரு கம்பெனியில் எனக்குத் தோட்ட வேலை. போய்வர ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக் வாங்கியிருந்தேன். அதில் பெட்ரோலுக்கு ஒரு டேங்க், ஆயிலுக்குத் தனியாக ஒரு சின்ன டேங்க். ஆயிலை என்ஜினுக்கு அனுப்ப ஒரு பம்ப் உண்டு. ஆயில் போகாவிட்டால் என்ஜின் இறுகி நின்றுவிடும். ஆயில் குறைந்தால் ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும்.

எங்கள் தெரு மெக்கானிக்குக்கு அந்தப் பம்பின் மேல் நம்பிக்கை கிடையாது. "இந்த வெயில்ல பம்பு மக்கர் பண்ணுச்சுன்னா என்ஜின் புடிச்சிக்கும்ணே. கயட்டி வுட்டுடறேன். பங்க்குல பெட்ரோல் போடசொல்லோ ஆயிலையும் சேத்து ஊத்திக்கோ" என்றார். கழற்றியும் விட்டார். அன்றிலிருந்து நான் கலந்துதான் போடுவேன்.

ஆயில் டேங்க் காலியாகக் கிடந்ததால் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. வண்டியை எடுத்தால் எரியும், நிறுத்தினால்தான் அணையும். போகிற வருகிறவர்கள் எல்லாம் கையைக் காட்டிச் சொல்லுவார்கள். ஒரு நாள் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, "இன்னா தலைவா, செவப்பு லைட்டு போட்டுக்கினு போற, மினிஸ்டரா நீ?" என்றார். உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பம்பைக் கழற்றிய கதையை அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் கறுப்பு டேப்பில் ஒரு துண்டு கிழித்து விளக்கின் மேல் ஒட்டிவிட்டேன்.

என் மனைவியின் தம்பி எங்களோடு தங்கித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். மூன்று வருடமாகக் காண்ட்ராக்ட். அந்த மே மாதம் ஒரகடத்தில் ஒரு கம்பெனி அவனை நிரந்தர வேலைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளே விட மாட்டோம் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். அடுத்த மாதம் வந்தால் அவன் வயது அவர்கள் சொன்ன கணக்கைத் தாண்டிவிடும். அதனால் அதுதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பத்தரை வரை பஸ் ஸ்டாண்டில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். "மாமா, பஸ்ஸே வரல. உங்க வண்டிய எத்துக்கினு போவட்டா?"

சாவியைக் கொடுத்தேன். அதற்கு முன் அவன் அந்த வண்டியை ஓட்டியதில்லை, பம்ப்பைக் கழற்றியதும் அவனுக்குத் தெரியாது. பெட்ரோல் போட்டால் ஆயில் கலந்து போடு என்று சொல்ல வேண்டும் என்பது அந்த நிமிடம் எனக்கு நன்றாக நினைவில் இருந்தது. ஆனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வண்டியை இரவல் வாங்கியவன் பெட்ரோல் போட்டுத் திருப்பித் தருவான். கொடுத்தவன் பெட்ரோல் பேச்சையே எடுக்க மாட்டான். மச்சினனிடம் அதைச் சொன்னால் போட்டுக்கொடு என்று கேட்டதுபோல ஆகிவிடுமே என்று கூச்சமாக இருந்தது. போய்வர இருக்கிற பெட்ரோலே போதும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, "பாத்துப் போப்பா" என்று மட்டும் சொன்னேன். என் மனைவி அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள்.

மூன்று மணிக்கு ஒரு டெம்போவில் வண்டியைப் படுக்கவைத்துக்கொண்டு வந்து இறங்கினான். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. இன்டர்வியூவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை முழுக்க கிரீஸ்.

மரியாதைக்காக அவன் போகும்போதே பங்க்கில் நிறுத்தி டேங்க்கை நிரப்பியிருக்கிறான். வடக்குப்பட்டு பக்கம் போகும்போது என்ஜின் இறுகி, பின் சக்கரம் அப்படியே நின்று, தூக்கிப் போட்டிருக்கிறது. அங்கிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறான். கேட்டுக்குப் போகும்போது பன்னிரண்டு இருபது. வாட்ச்மேன் விடவில்லை.

"வண்டிய அங்கயே போட்டுட்டு எவன் வண்டிலன்னா பின்னாடி ஏறிக்கினு போறதுதானே" என்றேன்.

"உங்க வண்டி மாமா. நடுரோட்டுல எப்டி வுட்டுட்டுப் போறது?" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "பங்க்குல, ஆயில் வேணுமான்னு கேட்டான். செவப்பு லைட்டு எரியல, அப்ப டேங்க்குல ஆயில் கீதுன்னு வேணான்னுட்டேன். லேட்டாயிடுச்சேன்னு ரொம்ப முறுக்கிட்டேன் போல. மன்னிச்சுக்கோங்க மாமா."

நான் பேசுவதற்குள் என் மனைவி ஆரம்பித்துவிட்டாள். "வேலையும் போச்சு, அந்த மனுசன் வண்டியும் போச்சு! வெயில்ல மெல்லப் போனா இன்னாடா உனுக்கு?"

"பரவால்ல, வுடு" என்றேன். சாயங்காலம் மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஆயில் கலக்காம பச்சைப் பெட்ரோல் போட்டுட்டாரேண்ணே. நீ சொல்லலியா?" என்று கேட்டார். "சொன்னேன், அவன் காதுல வாங்கல" என்றேன். அவ்வளவு சுலபமாக எனக்கு வேறு எந்தப் பேச்சும் வந்ததில்லை.

என்ஜின் போயும் ஒரு வார்த்தை கேட்காத மனுசன் என்று என் மனைவி தெரு முழுக்கச் சொன்னாள். மாமியார் வீட்டில் அதற்கு முன் என்னை யாரும் கவனித்ததுகூட இல்லை. அதற்குப் பிறகு இலை போட்டால் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நானும் போய் உட்கார்ந்தேன்.

அவனுக்கு அதற்குப் பிறகு நிரந்தர வேலை அமையவில்லை. கம்பெனி கம்பெனியாக மாறி, இப்போது சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கி, அதே காண்ட்ராக்ட். யாருடைய வண்டியையும் தொடுவதில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் யாரோ அவனிடம் சாவியை நீட்டினார்கள். "அய்யோ, அவன்கிட்டயா குடுக்கறீங்க? என்ஜினையே முழுங்கிடுவான்" என்றாள் என் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

தப்பு உன்னுடையது இல்லையப்பா. விளக்கை மறைத்தவன் நான், சொல்லாமல் விட்டவன் நான், சொன்னேன் என்று பொய் சொன்னவனும் நான். இந்தத் தாளை நானே கொண்டுவந்து உன் கையில் தருகிறேன். நீ படித்து முடிக்கிறவரை எதிரிலேயே நிற்கிறேன். பிறகு இதை உன் அக்காவிடமும் காட்டு.

14.5.2006, ஞாயிற்றுக்கிழமை.